ஈசல் விழும் நேரம்: ஃபிளை ஃபிஷிங் என்றால் என்ன?

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு சாயங்காலம். வாணியாற்றங்கரைப் புற்றுகளிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பிக்கொண்டிருந்தது. பெரியப்பா வழக்கம்போல ராகிக் களியை உருட்டி முள்ளில் செருகி மடுவில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். மற்ற நாட்களில் ஐந்து நிமிடத்தில் தக்கை ஆடிவிடும். அன்று அரை மணி நேரமாகியும் அசையவில்லை. மீன் இல்லாமல் இல்லை. தக்கைக்கு ஒரு சாண் தள்ளியே கெண்டைகள் வாயைத் திறந்து, தண்ணீரில் விழுந்த ஈசல்களை ஒவ்வொன்றாக உறிஞ்சிக்கொண்டிருந்தன.

பெரியப்பா தூண்டிலை இழுத்தார். களியைத் தட்டிவிட்டார். தக்கையையும் ஈயக்குண்டையும் கழற்றினார். சட்டைமேல் ஊர்ந்த ஈசல் ஒன்றைப் பிடித்து முள்ளில் கோத்து, தண்ணீருக்கு மேலாகவே மிதந்துபோகும்படி விட்டார். மூன்றாவது தடவை கெண்டை மாட்டியது. "அதுக்கு இன்னிக்கு இதுதான்டா விருந்து. நம்ம களிய யாரு கேப்பா?" என்றார்.

பல வருடங்கள் கழித்து ஃபிளை ஃபிஷிங் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தச் சாயங்காலம்தான். மீன் இந்த நேரத்தில், இந்த இடத்தில் எதைத் தின்கிறது என்று பார். அதையே அதன் முன்னால் மிதக்கவிடு. அந்தக் கலை முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து முளைத்ததுதான். பெரியப்பா உயிருள்ள ஈசலைக் கோத்தார். ஃபிளை ஃபிஷிங்கில் அந்தப் பூச்சியை இறகாலும் நூலாலும் முள்மேல் செய்துகட்டுகிறார்கள். அப்படிக் கட்டிய பொய்ப்பூச்சிக்குத்தான் ஃபிளை என்று பெயர்.

புதிய விஷயமும் அல்ல. மாசிடோனியாவில் மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இரண்டு இறகுகளை அதில் கட்டி ஆற்றில் விடுவார்கள் என்று ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். இன்றைக்கும் மிதக்கும் ஃபிளை கட்டுவதற்குச் சேவல் கழுத்து இறகைத்தான் முதலில் தேடுகிறார்கள்.

டிரவுட் நம் ஊரில் ஏன் இல்லை?

ஃபிளை ஃபிஷிங் என்றாலே டிரவுட் என்ற மீனின் பெயரும் சேர்ந்தே வரும். அதனால் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஓடைகளில் டிரவுட் கிடையாது, வாழவும் வாழாது.

டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே தவிக்க ஆரம்பிக்கும். 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைவதுதான் இதற்குப் பெரிய காரணம். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். சூட்டில் மீனின் உடம்பு வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கிறது, தண்ணீரோ குறைவாகக் கொடுக்கிறது. நம்முடைய கெளுத்தியும் விராலும் இந்த வெப்பத்துக்குப் பழகிய உடம்புகள். விரால் தலையை வெளியே நீட்டிக் காற்றையே குடித்துக்கொள்ளும். டிரவுட்டுக்கு அந்த வசதி இல்லை.

தமிழ்நாட்டில் டிரவுட் பார்க்க வேண்டுமென்றால் மலையேற வேண்டும். அங்கேயும் அது வந்தேறிதான். பழுப்பு டிரவுட் ஐரோப்பாவிலிருந்தும், வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்தும் உலகெங்கும் போனவை. நீலகிரிக்குக் கொண்டுவர 1863-ல் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் செய்த முயற்சி தோற்றது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில்தான் பலித்தது. அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய குஞ்சு பொரிப்பகம் அந்த முயற்சியின் விளைவு. கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டரைத் தாண்டிய, சோலைக்காட்டு நிழலில் ஓடும் தண்ணீர் அங்கே இருக்கிறது. தர்மபுரி நகரம் 500 மீட்டர்கூட இல்லை. ஓசூர் 900 சொச்சம்.

டிரவுட் இல்லாதது நமக்குக் குறையென்று நான் நினைக்கவில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி உயிரினங்களின் பட்டியலில் இந்த இரண்டு டிரவுட்டுகளும் இருக்கின்றன. போன இடங்களில் சின்ன மீன்களையும் தவளைகளையும் தின்று தீர்த்தவை அவை. ஜிலேபி மீன் நம் ஏரிகளை எப்படி நிறைத்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கலையை எடுத்துக்கொள்வோம், மீனை அங்கேயே விட்டுவிடுவோம்.

எடை எங்கே இருக்கிறது?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் எடையாக இருக்கின்றன. வீசினால் அவை பறக்கும், தூண்டில் நரம்பு பின்னாலேயே போகும். கவணில் கல் எறிவதுபோலத்தான். ஆனால் இறகால் கட்டிய பூச்சிக்கு எடையே இல்லை. அதை எறிந்தால் காற்று திருப்பிக் கொண்டுவந்து முகத்தில் ஒட்டும். பிறகு எப்படி முப்பதடி தள்ளிப் போடுகிறார்கள்?

எடையை நரம்பிலேயே வைத்துவிட்டார்கள். ஃபிளை லைன் என்பது பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த கயிறு. ஐந்தாம் எண் லைன் என்று ஒன்று உண்டு, புதிதாகப் பழகுபவர்களுக்குப் பெரும்பாலும் அதைத்தான் சொல்வார்கள். அதன் முதல் முப்பதடி சுமார் 9 கிராம் எடை. வீசப்படுவது அந்த 9 கிராம்தான். பூச்சி அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. அது ஒரு சாட்டை. மாட்டுச் சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியில் தொடங்கிய விசை, மெலிந்துகொண்டே போகும் தோல்வாரில் ஓடி நுனியில் போய்ச் சேர்கிறதல்லவா? இங்கேயும் அதே கதை. தடித்த லைன், அதன் முனையில் சுமார் ஒன்பதடிக்கு மெலிந்துகொண்டே போகும் நைலான் நரம்பு, கடைசியில் தலைமுடி கனத்தில் இரண்டடி, அதன் நுனியில் பூச்சி.

கழியை முன்னால் கடிகாரத்தின் பத்து மணி நிலைக்கும் பின்னால் ஒரு மணி நிலைக்கும் நடுவே மட்டும் ஆட்ட வேண்டும். பின்னால் கொண்டுபோனதும் நிறுத்த வேண்டும். எல்லோரும் தடுமாறுவது இந்த நிறுத்தத்தில்தான். லைன் நம் முதுகுக்குப் பின்னால் சுருள் பிரிந்து நேராக நீள ஒரு கணம் தேவை. அந்தக் கணத்தைக் கொடுக்காமல் முன்னால் இழுத்தால் சாட்டைபோல "சட்" என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் பூச்சி அறுந்து போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நான் ஏரிக்கரைப் புல்தரையில், முள்ளுக்குப் பதிலாக ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு பழகினேன். இரண்டாவது வாரம் வரை பலமாக வீசினால் தூரம் போகும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கை சோர்ந்துபோய் மெதுவாக வீசினேன், லைன் தரையில் கோடு கிழித்ததுபோல நேராக விழுந்தது. அதற்குப் பிறகு கையின் பலத்தை நம்புவதில்லை.

இதைக் கேட்டுவிட்டு விலையுயர்ந்த கழியும் ரீலும் வாங்க ஓட வேண்டாம். ஜப்பானின் மலை ஓடைகளில் டென்காரா என்று ஒரு முறை உண்டு. மூன்று, நான்கு மீட்டர் நீளக் கழி, அதன் நுனியிலேயே முடிச்சிட்ட நரம்பு, கடைசியில் ஒரு ஃபிளை. ரீலே கிடையாது. பெரியப்பாவின் மூங்கில் தூண்டிலுக்கும் அதற்கும் வேற்றுமை கொஞ்சம்தான். பத்தடி அகல ஓடையில் முப்பதடி வீச்சுக்கு என்ன வேலை? புங்க மரமும் நொச்சிப் புதரும் இரண்டு கரையிலும் நெருங்கி நிற்கும் நம் ஓடைகளில் பின்வீச்சுக்கு இடமும் இல்லை. நுனி மெலிந்து வளையும் மூங்கில் கழியே தொடக்கத்துக்குப் போதும்.

தண்ணீரைப் படிப்பது

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கலையில் பிடித்த பகுதி. முள்ளும் கழியும் இல்லாமலே இதைச் செய்யலாம்.

ஓடை ஒரே மாதிரி ஓடுவதில்லை. கூழாங்கல்மேல் ஆழமில்லாமல் சலசலத்து ஓடும் இடம் ஒன்று. அங்கே தண்ணீர் உடைந்து காற்றை வாங்கிக்கொள்கிறது. பூச்சிகளின் நர்சரியும் அதுதான். அடுத்து, முழங்கால் ஆழத்தில் சத்தமில்லாமல் ஓடும் ஓட்டம். அதன்பின் மடு. மறுபடி சலசலப்பு. பூச்சிகள் சலசலப்பில் பிறந்து, பிடி நழுவி, ஓட்டத்தோடு அடித்துக்கொண்டு வருகின்றன. மீன் எங்கே நிற்கும்?

மீன் கணக்குப் பார்க்கிற பிராணி. வேகமான நீரில் நின்றால் இரை நிறைய வரும், ஆனால் எதிர்நீச்சலிலேயே தெம்பு தீர்ந்துவிடும். அசையாத நீரில் களைப்பில்லை, இரையும் இல்லை. ஆகவே இரண்டும் உரசும் கோட்டில் நிற்கிறது. பஸ் வரும்வரை கடை நிழலில் நின்றுவிட்டு, வந்ததும் எட்டி ஏறுகிறவரைப்போல. பாறைக்குப் பின்னால் தண்ணீர் தயங்கும் இடத்தின் ஓரம், பாறைக்கு முன்னால் உள்ள சின்னத் தலையணை போன்ற இடம், மரவேர் அரித்த கரையின் அடி, சலசலப்பு மடுவுக்குள் நுழையும் வாய். தண்ணீர்மேல் இயற்கையாகச் சேரும் மெல்லிய நுரைக்கோடு ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நுரை எந்த வழியில் போகிறதோ பூச்சியும் அந்த வழியில்தான் போகும். அந்தக் கோட்டுக்கு அடியில் மீன் இருக்கும்.

ஒரு புளிய இலையைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். அது எப்படிச் சுழன்று, எங்கே தயங்கி, எங்கே வேகமெடுத்துப் போகிறது என்று கண்ணால் பின்தொடருங்கள். நீங்கள் கட்டிய ஃபிளையும் சரியாக அப்படித்தான் போக வேண்டும். நரம்பு அதைக் கொஞ்சம் இழுத்தாலும் பூச்சி தண்ணீரைவிட வேகமாகவோ குறுக்காகவோ நகரும். உயிருள்ள பூச்சி அப்படிப் போகாது என்று மீனுக்குத் தெரியும். பூச்சியை எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் இந்த இழுப்பு கெடுத்துவிடும். புதியவர்கள் பூச்சி சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பத்துக்கு எட்டு முறை குற்றம் நரம்பின்மேல்தான் என்பது என் அனுபவம்.

மீனின் கண்ணையும் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்ட ஜன்னலுக்குள் சுருங்கித் தெரியும். ஒளி முறிவதால் வருவது இது. ஜன்னலின் விரிவு 97 டிகிரி. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் இரண்டேகால் அடி அகலம்தான். அதற்கு வெளியே தண்ணீரின் மேல்தளம் கண்ணாடிபோல அடித்தரையையே காட்டும். நாம் நிமிர்ந்து நின்றால் அந்த ஜன்னலில் தெரிவோம். குனிந்து தள்ளி நின்றால் அதன் விளிம்பில் நசுங்கி, கண்ணுக்குப் படாமல் போவோம். மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்பதால் கீழ்ப்பக்கத்திலிருந்து, அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து போவது நல்லது. காலைத் தொப்பென்று வைத்தாலும் போச்சு. மீனின் விலாவில் ஓடும் கோடு அந்த அதிர்வை வாங்கிவிடும்.

சேவல் இறகில் ஓர் ஈசல்

ஃபிளைகளில் இரண்டு பெரிய வகை. மேலே மிதப்பது ஒன்று, உள்ளே மூழ்கிப்போவது மற்றொன்று. மீன் பெரும்பாலான நேரம் தண்ணீருக்குள்ளேயேதான் தின்கிறது. மேலே வந்து வாய் திறப்பது பூச்சிகள் மொத்தமாகக் கிளம்பும் சில மணி நேரங்களில்தான். ஆனாலும் மிதக்கும் ஃபிளைக்குத்தான் மயக்கம் அதிகம். மீன் எடுப்பதைக் கண்ணால் பார்க்கலாமே.

நான் கட்டும் ஈசல் இது. சின்ன முள் ஒன்றை எடுத்து, அதன் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கிவிடுவேன். மாட்டிய மீனை வலிக்காமல் கழற்ற இது வேண்டும். தையல் நூல், காப்பிக்கொட்டை நிறம். தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் நூல் வழுக்காது. முள்ளின் தண்டில் நெருக்கமாகச் சுற்றி, வால்பக்கம் கொஞ்சம் தடிப்பாக விடுவேன், ஈசலின் வயிறு அப்படித்தான் இருக்கும். பிறகு நாட்டுச் சேவலின் கழுத்து இறகு. அடிப்பக்கத்துப் பஞ்சை உருவிவிட்டு, நுனியைப் பிடித்து முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் நான்கைந்து சுற்று. சுற்றும்போது இறகின் மயிர்கள் ஒவ்வொன்றும் எழுந்து, சக்கரத்தின் ஆரைபோல நிற்கும். அந்த மயிர் நுனிகள்தான் தண்ணீரின் மேல்தோலில் கால் ஊன்றி ஃபிளையை மிதக்கவைக்கின்றன. பெட்டைக் கோழியின் இறகு மெத்தென்று நனைந்து மூழ்கும், ஆகவே மூழ்கும் ஃபிளைக்கு அது. கடைசியில் முடிச்சு. என் முதல் ஈசலைப் பார்த்தவர்கள் வண்டா என்று கேட்டார்கள். விரல் நீளக் கெண்டை ஒன்று அதை ஈசல் என்றே எடுத்துக்கொண்டது.

ஈசல் வருடத்தில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் மீனுக்குச் சோறு போடுவது ஓடையிலேயே பிறக்கும் பூச்சிகள். அவற்றில் மேஃபிளை என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கலை தெரிந்த மாதிரி. இளம்பருவம் முழுவதும் கல்லுக்கடியில், மாதக்கணக்கில் தண்ணீரில். பின்னால் பெரும்பாலும் மூன்று மெல்லிய வால்கள். வளர்ந்ததும் மேலே நீந்திவந்து, தோலை உடைத்து, சிறகு விரித்துப் பறக்கும். அதன்பின் சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் ஆயுள். வளர்ந்த பூச்சிக்குத் தின்ன வாயே வேலை செய்யாது. இணைசேர்ந்து முட்டையிட்டு முடிந்துவிடும். தோலை உடைத்துக்கொண்டு சிறகு காயக் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் அது எங்கும் ஓட முடியாது. மீன்கள் பந்திக்கு வருவது அப்போதுதான்.

எங்கே, எப்படித் தொடங்குவது?

சின்ன ஓடையில் தொடங்குங்கள் என்பேன். ஒகேனக்கல் காவிரி எல்லோரையும் இழுக்கும், ஆனால் அது பழகுகிற இடமல்ல. அங்கே தண்ணீர் எப்போது ஏறும் என்பதைக் கர்நாடக அணைகள் முடிவு செய்கின்றன. எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு கூடினால் பரிசலையே நிறுத்திவிடுவார்கள். முதலையும் உண்டு. அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் 2014-ல் அறிவிக்கப்பட்ட காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் அடங்கியவை. யானைகள் தண்ணீருக்கு இறங்கும் தடங்கள் அவை. வனத்துறை அனுமதி இல்லாமல் கழியோடு உள்ளே போவது குற்றம், போகவும் கூடாது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீர் என்ற பெரிய மீனை 2018-ல் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யு.சி.என். அறிவித்தது. அப்படிப்பட்ட ஆற்றில் தெரியாமல் முள் போட்டுப் பழக வேண்டியதில்லை.

ஊரை ஒட்டி ஓடும் வாணியாறு, தொப்பையாறு, சின்னாறு போன்றவற்றின் கால் நனையும் பகுதிகளே போதும். ஏரியென்றால் மீன் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், கேட்டுவிட்டு இறங்குங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளக்கலங்கல் தெளிந்து ஓட்டமும் இருக்கும், அதுதான் காலம். சித்திரையில் தண்ணீர் மடுக்களில் மட்டும் தேங்கி, மீன்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது தொந்தரவு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. பிடித்ததை விடுவதென்றால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த இடத்தில் நோய் பற்றும். பெரியப்பாவுக்குப் பிடித்துவிட்டு விடுவது இன்றுவரை புரிவதில்லை. "குழம்புக்கு ஆவாதா?" என்பார். இரண்டு மூன்றை வீட்டுக்கு எடுத்துப்போவதில் தவறில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். முட்டை வைத்த மீனை மட்டும் இருவருமே விட்டுவிடுவோம்.

முதல் நாளுக்குக் கழி வேண்டாம். வெள்ளைத் தட்டு ஒன்றும் சோறு வடிக்கும் சல்லடை ஒன்றும் எடுத்துப் போங்கள். சலசலப்பில் இறங்கி, சல்லடையைக் கீழ்ப்பக்கம் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெதுவாகத் தூக்குங்கள். சல்லடையில் வந்ததைத் தட்டில் கொஞ்சம் தண்ணீரோடு கொட்டுங்கள். முதலில் குப்பைபோலத் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் குப்பை நடக்க ஆரம்பிக்கும். தட்டையாக, வால் விரித்து ஓடுவது மேஃபிளைக் குஞ்சு. மணல்துகள்களைப் பட்டுநூலால் ஒட்டி, குழாய்போல வீடு கட்டிக்கொண்டு அதையும் இழுத்துக்கொண்டு நகர்வது கேடிஸ் புழு. இவை இரண்டும் நிறைய இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது என்று பொருள். கழிவு கலந்து ஆக்சிஜன் வற்றிய நீரில் இவை முதலில் காணாமல் போய், சிவப்புநிற நூல்போன்ற புழுக்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் உடம்பில் நம் ரத்தத்தில் இருப்பதுபோல ஹீமோகுளோபின் இருப்பதால் அந்த நீரிலும் தாக்குப்பிடிக்கின்றன. கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை வெள்ளை நுரையாகப் பொங்கும் படங்களைச் செய்திகளில் பார்க்கும்போதெல்லாம், அந்தக் கற்களுக்கடியில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்ற கேள்விதான் எனக்கு எழுகிறது.

பார்த்து முடித்ததும் தட்டில் உள்ளதை எடுத்த இடத்திலேயே மெதுவாக ஊற்றுங்கள். தூக்கிய கல்லைத் திரும்ப வையுங்கள். எந்தப் பக்கம் கீழே இருந்ததோ அந்தப் பக்கமே கீழே இருக்க வேண்டும். அதன் அடியில் ஒட்டியிருக்கும் முட்டைகள் நிழலுக்கும் ஓட்டத்துக்கும் பார்த்து வைக்கப்பட்டவை.